தூரிகையை அழுத்தித் திருப்பினால்

(ஓவியப் பயிலரங்கு ஒன்றின் மாலை அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களுக்கு வணக்கம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. எனக்குப் பின்னால் திரையில் வரப்போகும் படங்களின் சிவப்பை நம்பாதீர்கள். இந்தப் புரொஜெக்டர் எந்தச் சிவப்பையும் செங்கல் பொடியாக்கிவிடுகிறது. மத்தியானம் போட்டுப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது, என்ன திருகியும் சரியாகவில்லை. நிறத்தைப் பற்றிப் பேச வந்தவனுக்கு இப்படி ஒரு சோதனை. அதனால் கடைக்குப் போய் மூன்று ட்யூப் ஆயில் பெயிண்ட் வாங்கிவந்தேன். பிரஷ் என்னுடையது. டர்பென்டைன் வாசம் கொஞ்சம் அடிக்கும், முன்வரிசையில் இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பெயர்ச் சிக்கல். இன்று நாம் பார்க்கப்போகும் ஜெர்மன் ஓவியர் எர்ன்ஸ்ட் வில்ஹெல்ம் நை. ‘நை’ என்று குறுக்கித்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் இழுத்தால் தமிழில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் சிரித்து முடித்துவிடுங்கள், அப்புறம் வேலையைப் பார்ப்போம்.

சரி, வேலை இதுதான். இது பன்றிமயிர் பிரஷ், தட்டையானது, இரண்டு விரல் அகலம். மஞ்சளை நன்றாக எடுத்துக்கொள்கிறேன். தாளில் கோடு எதுவும் இழுக்கப்போவதில்லை. சும்மா வைத்து அழுத்துகிறேன். பார்த்தீர்களா, ஒரு திட்டு. இப்போது பிரஷ்ஷை எடுக்காமல் மணிக்கட்டை மட்டும் ஒரு சுற்றுத் திருப்புகிறேன். திட்டு வட்டமாகிவிட்டது. இன்னொரு சுற்று, வட்டம் பெரிதாகிறது. பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டு அதற்குள் மஞ்சள் அடித்திருந்தால் இது கிடைத்திருக்காது. ஓரத்தைக் கவனியுங்கள். மயிர் தள்ளிக்கொண்டு போன பெயிண்ட் அங்கே தோசையின் விளிம்பு மாதிரி மெல்லிய வரம்பாக நிற்கிறது. நடுவில் ஒரு சுழி. இந்த மஞ்சள் எவ்வளவு இடம் பிடிக்க வேண்டும் என்பதை நானும் தீர்மானிக்கவில்லை, கோடும் தீர்மானிக்கவில்லை. பிரஷ்ஷில் இருந்த பெயிண்ட்டும் கையின் அழுத்தமும் சேர்ந்து தீர்மானித்தன.

நையின் புகழ்பெற்ற வட்டங்கள் இப்படித்தான் பிறந்தன. கேன்வாஸில் பிரஷ்ஷை வைத்தால் ஒரு சின்னத் திட்டு வருகிறது, அதைப் பெரிதாக்கினால் வட்டம் வருகிறது, அந்த வட்டம் பரப்பின் மேல் ஏற்கனவே என்னென்னவோ செய்ய ஆரம்பித்துவிடுகிறது என்ற பொருளில் அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். சூரியன், நிலா, கோள், அணு என்று விமர்சகர்கள் எதையெல்லாமோ அந்த வட்டங்களில் கண்டார்கள். ஆரம்பம் என்னவோ மணிக்கட்டின் ஒரு திருப்பம்தான்.

ஜெர்மனில் இந்தப் படங்களை ‘ஷைபன்பில்டர்’ என்கிறார்கள். ஷைபே என்றால் தட்டையான வட்டத் துண்டு. ‘வட்டு’ என்று தமிழில் சொல்லலாம்தான், ஆனால் எனக்கு ‘வில்லை’ பிடித்திருக்கிறது. மாத்திரை வில்லை, சந்தன வில்லை என்கிறோமே, அந்த வில்லை. அதில் ஒரு பிசைந்த பொருளின் ஞாபகம் இருக்கிறது, அழுத்தித் தட்டிய விரலின் ஞாபகமும் இருக்கிறது. ஆக, வில்லை ஓவியங்கள். 1954 வாக்கில் தொடங்கி 1962 வரை ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் அவர் இதையே தீட்டினார்.

அதற்குமுன் அவர் எங்கே இருந்தார் என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1902இல் பெர்லினில் பிறந்தார். ஓவியர் கார்ல் ஹோஃபரிடம் படித்தார். 1937இல் நாஜிகள் மியூனிக்கில் ‘சீரழிந்த கலை’ என்று பெயர் வைத்து நடத்திய கண்காட்சியில் இவருடைய இரண்டு ஓவியங்களும் கேலிக்காக மாட்டப்பட்டன. கண்காட்சி வைக்கத் தடை வந்தது. அதே ஆண்டு, ஓவியர் எட்வர்ட் மூங்க் கொடுத்த பண உதவியில் நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளுக்குப் போனார், அடுத்த ஆண்டும் போனார். மலை, மீனவர்கள், கடல். அங்கேதான் அவருடைய நிறம் கூச்சத்தை விட்டது. 1940இல் ராணுவம் பிடித்துக்கொண்டது. பிரான்சில் லெ மான் நகரத்தில் வரைபடம் வரையும் சிப்பாயாக இருந்தார். உள்ளூர்ச் சிற்பி ஒருவர் தன் பட்டறையைத் திறந்துவிட்டதால் படையில் இருந்தபடியே ஓவியமும் தீட்ட முடிந்தது. எதிரி ராணுவச் சீருடையில் இருந்தவனுக்குப் பட்டறைச் சாவியைக் கொடுத்த அந்த மனிதரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அது வேறு கதை.

போர் முடிந்தபோது பெர்லினில் இருந்த அவருடைய ஸ்டூடியோ குண்டுவீச்சில் போய்விட்டிருந்தது. ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் பக்கத்தில் ஹோஃப்ஹைம் என்ற சின்ன ஊரில் ஒதுங்கினார். அங்கே 1945 முதல் 1948 வரை தீட்டியவற்றை ‘ஹெக்காட்டே ஓவியங்கள்’ என்கிறார்கள். ஹெக்காட்டே கிரேக்கப் புராணத்தின் இருட்டுத் தேவதை. இதோ திரையில். பெயிண்ட்டை எவ்வளவு கனமாக அப்பியிருக்கிறார், பாருங்கள். உடல்கள் இருக்கின்றன, ஆனால் எந்தக் கை யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. நிறம் இங்கே இடிபாட்டுக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வர முண்டுகிறது. எதையோ சொல்லியாக வேண்டும் என்று பிரஷ் திணறுகிறது.

1951இல் ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்குக் குடிபோனார். அதற்கப்புறம் மனித உருவம் படத்தைவிட்டுப் போய்விட்டது. கொலோன் அப்போது புதிய இசையின் ஊர். அங்கிருந்த வானொலி நிலையத்தில்தான் மின்னணு இசைக்கான ஸ்டூடியோ தொடங்கியது, இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் அங்கே வேலை செய்தார். ஒலியின் உயரம், நீளம், உரப்பு ஒவ்வொன்றையும் வரிசைப்படுத்தி எண்ணிக் கட்டும் இசை அது. நைக்கு அந்த இசையில் பெரிய ஈடுபாடு. 1955இல் அவர் வெளியிட்ட சிறு நூலின் தலைப்பை ‘நிறத்தின் உருவ மதிப்பு’ என்று தமிழாக்கலாம். துணைத்தலைப்பில் மூன்று சொற்கள்: பரப்பு, எண், லயம். உணர்ச்சி என்ற சொல் அதில் இல்லை. பத்து வருடம் முன்னால் ஹெக்காட்டே தீட்டிய அதே ஆள்!

இந்த இடத்தில் தமிழ் படித்தவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. நமக்கு வண்ணம் என்றால் நிறம், வண்ணம் என்றால் சந்தமும்தான். ‘வண்ணம் தாமே நாலைந்து என்ப’ என்று தொல்காப்பியம் இருபது வண்ணங்களைக் கணக்குச் சொல்கிறது. உருட்டு வண்ணம், முடுகு வண்ணம், தூங்கல் வண்ணம் எல்லாம் பாட்டின் நடையைக் குறிப்பவை, அதில் ஒன்றுகூடச் சிவப்போ பச்சையோ இல்லை. நைக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் நிறத்தை எண்ணி அடுக்கி நடக்கவைக்க முடியும் என்று ஜெர்மனில் அவர் ஒரு புத்தகம் எழுதி விளக்க வேண்டியிருந்ததை, நாம் ஒரே சொல்லில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறோம்.

மறுபடி தாளுக்கு வாருங்கள். மஞ்சள் வில்லைக்குப் பக்கத்தில் ஒரு நீல வில்லை போடுகிறேன், தொட்டும் தொடாமலும். கீழே ஒரு சிவப்பு. இப்போது நான் போட்டவை மூன்று. ஆனால் தாளில் இருப்பவை நான்கு. எவர்சில்வர் தட்டு மூன்றை ஒட்டி வைத்தால் நடுவில் கொஞ்சம் தரை தெரியுமே, உள்பக்கம் வளைந்த மூன்று முனைத் துண்டு, அதுதான் நான்காவது. அதை யாரும் வரையவில்லை, ஆனாலும் அதற்கு உருவம் வந்துவிட்டது. வில்லைப் படங்களைப் பார்ப்பவர்கள் வட்டங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் கண் இப்போதெல்லாம் நேரே இந்தச் சந்துகளுக்குத்தான் போகிறது. அங்கே ஒரு சாம்பல், ஓர் அழுக்கு இளஞ்சிவப்பு, சில சமயம் வெறும் வெள்ளை. வட்டம் வட்டமாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அவற்றுக்கு இடையில் உள்ளவைதாம் ஒன்றுபோல் மற்றொன்று இருப்பதில்லை.

இன்னொன்று. நீலம் உள்ளே போகும், மஞ்சள் முன்னால் வரும் என்று நமக்குப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். அப்படி விட்டால் படத்தில் குழியும் மேடும் விழுந்துவிடும். நைக்கு அது கூடாது. எல்லாம் பரப்பிலேயே நின்று ஆட வேண்டும். அதற்கு அவர் அளவைப் பயன்படுத்துகிறார். பின்வாங்கும் நீலத்துக்குப் பெரிய வில்லை, துள்ளும் மஞ்சளுக்குச் சின்னது. ஒன்றின் ஓரத்தில் இன்னொன்றின் ஓரம் ஏறி உட்கார்ந்திருக்கும், எது மேலே எது கீழே என்று சொல்ல முடியாதபடி. எண் என்று அவர் சொன்னது இந்த மாதிரிக் கணக்கைத்தான் என்று நினைக்கிறேன்.

ஜெர்மனியில் ஒரு அருங்காட்சியகத்தில் வில்லைப் படம் ஒன்றை நேரில் பார்த்தேன். நேராக நின்று பார்த்தால் வட்டங்கள் அமைதியாக இருந்தன. பக்கவாட்டில் போய்ச் சுவரோடு கன்னத்தை வைக்காத குறையாகச் சாய்ந்து பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் படத்தின் மேல் வழுக்கி வந்தபோது ஒவ்வொரு வில்லையும் எந்தப் பக்கமாகச் சுற்றியது என்பதே தெரிந்தது. ஒரு சிவப்பு வில்லையின் விளிம்பில் நூலளவு பச்சை. அடியில் ஒரு பச்சை வட்டம் இருந்திருக்கிறது, சிவப்பு அதை முழுசாக மூடவில்லை. மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா? அந்த நூல் பச்சையால்தான் அந்தச் சிவப்பு அதிர்ந்துகொண்டிருந்தது. அதற்குள் காவலர் வந்து தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை.

இதே காலத்தில் வேறு ஜெர்மன் ஓவியர்கள் வேறு வழியில் போனார்கள். கார்ல் ஓட்டோ கெட்ஸ், கேன்வாஸில் பெயிண்ட்டைப் பரப்பி ரப்பர் பட்டையால் சில நொடிகளில் வழித்துவிடுவார். கல்யாண வீட்டில் தரையைக் கழுவி விடுகிறார்களே, அந்த வீச்சு. அவரிடம் படித்தவர்தான் பின்னாளில் பெரும் புகழ்பெற்ற ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர். வேகம்தான் அங்கே கலை. நை அந்தக் கட்சியில் சேரவில்லை. ஆனால் 1957, 58க்குப் பிறகு அந்தக் காற்று அவர் மேலும் அடித்தது. வில்லைகளின் ஓரம் கலைந்தது, பிரஷ் அகலமாகியது, பெயிண்ட் தெறிக்க ஆரம்பித்தது. உண்மையைச் சொன்னால், அந்தக் கட்டத்துப் படங்களில் சிலவற்றைப் பார்த்தால் எனக்குச் சலிப்பு வருகிறது. பிடி தளர்ந்த மாதிரி இருக்கிறது. ஃப்ரைபர்க் பல்கலைக்கழக வேதியியல் நிறுவனத்துக்காக 1956இல் தீட்டிய ஓவியத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டரை மீட்டர் உயரம், ஆறரை மீட்டர் நீளம். அத்தனை பெரிய பரப்பில் ஒரு வில்லைகூடத் தன் இடத்தைவிட்டு நழுவவில்லை.

அப்புறம் ஒருநாள் அவர் தன் வில்லையையே அடித்துவிட்டார். நோட்டில் தப்பாக எழுதிய வரியை அடிப்போமே, அந்த அடி. இதோ, செய்து காட்டுகிறேன். மஞ்சள் வில்லையின் குறுக்கே இரண்டு வளைந்த கோடு, வேகமாக, ஈரத்தின் மேலேயே. என்ன தெரிகிறது? ஆமாம், கண். யாரோ உடனே சொல்லிவிட்டீர்கள். எட்டு வருடமாக உருவம் எதுவும் இல்லாமல் காப்பாற்றி வந்த வட்டம், இரண்டு வீச்சில் திரும்பி நம்மைப் பார்க்கிறது. 1963, 64 ஆண்டுகளின் ‘கண் ஓவியங்கள்’ இவை.

1964இல் ஜெர்மனியின் காசெல் நகரத்தில் மூன்றாவது டாக்குமென்டா, சமகாலக் கலைக்கான பெரிய கண்காட்சி. அதை நடத்திய ஆர்னோல்ட் போடே ஒரு காரியம் செய்தார். நான்குக்கு நான்கு மீட்டர் அளவில் நை தீட்டிக்கொடுத்த மூன்று கண் ஓவியங்களைச் சுவரில் மாட்டாமல், குறுகலான ஒரு அறையின் கூரையில், ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்த்துக் கட்டித் தொங்கவிட்டார். வந்தவர்கள் கழுத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். மேலேயிருந்து கண்கள் கீழே பார்த்தன. பத்திரிகைகளில் பெரிய ரகளை. வெறும் அலங்காரம், காலாவதியான ஆள், தகுதிக்கு மேல் புகழ் என்றெல்லாம் எழுதினார்கள். அதே ஆண்டுதான் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் அமெரிக்க ஓவியர் ராபர்ட் ராஷன்பர்க்குக்குப் பெரிய பரிசு கிடைத்தது, அமெரிக்க அலை உள்ளே வந்துவிட்டது. அறுபதைத் தாண்டிய நைக்கு அந்த அடி வலித்திருக்கும். எனக்குக் கூரை யோசனையில் ஒரு குறைதான்: அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் பிரஷ் தடம் தெரியாது. அந்தப் படங்களின் உயிரே ஈரத்தின் மேல் ஈரம் வழுக்கிய தடத்தில் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1965 முதல் தடத்தையே துடைத்துவிட்டார். பெயிண்ட்டை மெல்லியதாக, சமமாகப் பூசினார். வரம்பு இல்லை, சுழி இல்லை, தெறிப்பு இல்லை. மேலிருந்து கீழே இறங்கும் பட்டைகள், நெய்தல் தறியின் நாடா மாதிரி இருபுறமும் கூம்பிய வடிவங்கள், வில் வளைவுகள். நிறம் இரண்டு, மூன்று, மிஞ்சினால் நான்கு. நிறம் கையைவிட்டு வெளியே வந்து தனியாக நிற்கிறது. இந்தப் படங்களை அப்போது பெரும்பாலானவர்கள் சரியாகப் பார்க்கவில்லை. 1968 ஏப்ரலில் கொலோனில் அவர் இறந்துபோனார்.

படம் இவ்வளவுதான், புரொஜெக்டரை அணைத்துவிடலாம். கேள்விகளுக்கு முன்னால் யாராவது இங்கே வந்து ஒரு வில்லை போட்டுப் பார்க்கிறீர்களா? பிரஷ்ஷில் பெயிண்ட்டை நிறைய எடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். அழுத்துங்கள், அப்புறம் மணிக்கட்டை மட்டும் திருப்புங்கள். இந்த மூன்று வில்லையையும் தொட்டுவிடாதீர்கள், காய இன்னும் பல நாள் ஆகும். நீலத்தில் ஏற்கனவே என் சட்டைக்கை பட்டுவிட்டது.