கூலிப் பேச்சும் போர்ப் பேச்சும்

(திருப்பூரில் பின்னலாடைத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமையேற்றிருக்கும் பெரியவருக்கும், ஒன்றரை ஷிப்டு முடித்துவிட்டு நேராக இங்கே வந்து அமர்ந்திருக்கும் தோழர்களுக்கும் வணக்கம்.

உருப்படிக்கு இவ்வளவு என்று தரும் பீஸ் ரேட்டும், விலைவாசி உயர்வுக்கு ஈடாகத் தரும் பஞ்சப்படியும் பேசுவதற்காகக் கூட்டிய கூட்டத்தில் எனக்கு மட்டும் அயலுறவுக் கொள்கை என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வரும் வழியில் நண்பர் ஒருவர், "அதுக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்? அது டெல்லிக்காரங்க பாடுங்க" என்றார். அவருக்கு வழியில் சொல்லி முடிக்க இயலாத பதிலைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு இந்தியப் பொருள்கள் மீது முதலில் 25 விழுக்காடு வரி விதித்தது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி, அம்மாதம் 27ஆம் தேதி முதல் மேலும் 25 விழுக்காட்டைச் சேர்த்தது. உக்ரைனில் நடக்கும் போரையோ, எண்ணெய் யாரிடம் வாங்குவது என்பதையோ, வாஷிங்டனின் கோபத்தையோ பற்றி ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் எவரும் கேட்கவில்லை. ஆனால் ஆர்டர் நின்றதும் அந்த மூன்றும் சேர்ந்து அவருடைய சனிக்கிழமைச் சம்பளத்தில் வந்து இறங்கின. முதலாளிக்கு வங்கி உண்டு, ஏற்றுமதியாளர் சங்கம் உண்டு, அமைச்சரைச் சந்திக்க வழியும் உண்டு. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கோ வேலையில்லாத நாள் கூலியில்லாத நாள்.

1984இல் பஞ்சப்படிக்காக இந்த ஊரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதற்கும் முன்பு, 1970இல், மின்கட்டண உயர்வை எதிர்த்த உழவர்களில் மூவர் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். அந்தப் போராட்டங்களில் எதிரே இருப்பவர் யார் என்பது தெளிவாகத் தெரிந்தது: ஒன்றில் கம்பெனி முதலாளி, மற்றொன்றில் மாநில அரசு. இன்று ஒரு பனியனுக்கு என்ன விலை என்பதைக் கடல்கடந்த வணிக நிறுவனம் முடிவு செய்கிறது. அதன் மீதான வரியை வேறொரு நாட்டு அரசு முடிவு செய்கிறது. அவ்வரி ஏறுவதும் இறங்குவதும் போரையும் நாடுகளின் உறவையும் பொறுத்திருக்கிறது. பேச்சுவார்த்தை மேசை அவ்வளவு தூரம் நீண்டுவிட்ட பிறகும் நாம் மட்டும் அதன் இந்த முனையிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம்.

வறுமைக்கு எதிரான போராட்டத்தையும் போருக்கு எதிரான போராட்டத்தையும் பிரிக்க முடியாது என்று மிகுந்த விலை கொடுத்துச் சொன்னவர் மார்ட்டின் லூதர் கிங். 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் அவர் வியட்நாம் போரைக் கண்டித்தபோது, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் தலைவருக்கு அயலுறவில் என்ன வேலை என்று பெரிய நாளிதழ்களே கேட்டன. நம் நண்பரின் கேள்விதான் அது. சரியாக ஓராண்டு கழித்து, மெம்பிஸ் நகரில் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணைநிற்கப் போயிருந்த இடத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அப்போது அமெரிக்காவின் மிகப் பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பான ஏ.எஃப்.எல்.-சி.ஐ.ஓ.வின் தலைமை வியட்நாம் போரை ஆதரித்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொழிலாளர் அமைப்பு என்பதாலேயே ஓர் அமைப்பு நியாயத்தின் பக்கம் நின்றுவிடுவதில்லை. ஆயினும் அதே கூட்டமைப்பு 2005இல் சிகாகோ மாநாட்டில், ஈராக்கிலிருந்து படைகளை விரைவாகத் திரும்ப அழைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தலைவர்களின் மனம் தானாக மாறிவிடவில்லை. 2003 தொடக்கத்தில் போருக்கு எதிராக ஒன்றுகூடிய சங்கத்தினர் கிளை கிளையாகத் தீர்மானங்களை நிறைவேற்றி மேலே அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். நமக்கு வேண்டிய பாடம் இந்தக் கிளை வேலையில்தான் இருக்கிறது.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்து டாக்காவின் ஆலைகள் மூடிக்கிடந்தபோது, அந்த ஆர்டரெல்லாம் இனி நமக்குத்தான் என்ற மகிழ்ச்சி இவ்வூர் டீக்கடைகளிலும் கேட்டது. பக்கத்து வீடு எரிகிற வெளிச்சத்தில் நாம் தறியோட்ட ஆசைப்பட்டோம். அங்கே தைத்துக்கொண்டிருந்தவர்களும் நம்மைப் போல வாரக்கணக்குப் பார்ப்பவர்கள்தாம். 2013இல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்ததும் அதே டாக்காவை அடுத்துத்தான். அவர்களுடைய கூலி தாழ்ந்திருக்கும்வரை, அதைக் காட்டியே நம் கூலி உயர்வைத் தள்ளிப்போடுவார்கள். இரு நாடுகளுக்கிடையே உறவு கெடக் கெட, இரு பக்கத்துத் தொழிலாளரும் ஒருவரையொருவர் போட்டியாளராக மட்டுமே பார்க்கப் பழகிவிடுவார்கள். அது யாருக்கு வசதி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நாட்டின் பாதுகாப்பு வேண்டாம் என்று நான் பேசவில்லை. 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புத் துறைக்கு 6.81 லட்சம் கோடி ரூபாயும் ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கு 86,000 கோடி ரூபாயும் ஒதுக்கப்பட்டிருப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்கும் உரிமை, வரி கட்டும் நமக்கு உண்டு என்கிறேன். தீப்பெட்டி வாங்கினாலும் நாம் வரி கட்டுகிறோம்.

ஈரோட்டிலிருந்து புறப்பட்ட பெரியார் 1932இல் சோவியத் நாட்டையும் ஐரோப்பாவையும் சுற்றிப் பார்த்துத் திரும்பி, அவ்வாண்டு முடிவதற்குள் பொதுவுடைமைத் தலைவர் சிங்காரவேலரோடு சேர்ந்து, ஈரோட்டுத் திட்டம் என்ற சமதர்மத் திட்டத்தை முன்வைத்தார். உலகத்தைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திட்டம் போடுவது கொங்கு நாட்டுக்குப் புதிதன்று.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. அடுத்த கூலி ஒப்பந்தத்துக்கான கோரிக்கைப் பட்டியல் தயாராகும்போது, வரியாலோ போராலோ ஆர்டர் நின்றால் அந்த நாள்களுக்குப் பாதிக் கூலியாவது வேண்டும் என்ற ஒரு கோரிக்கையையும் சேருங்கள். அதே கூட்டத்தில், அண்டை நாடுகளோடு சமாதானப் பேச்சுக்கு ஆதரவான தீர்மானமொன்றை நிறைவேற்றி மேல்கமிட்டிக்கு அனுப்புங்கள். அதன் நகலொன்றை டாக்காவின் தையல் தொழிலாளர் சங்கங்களுக்கும் அனுப்புங்கள்; வங்க மொழியில் எழுதித்தர, இங்கே கட்டிங் மேசையில் வேலை செய்யும் மேற்கு வங்கத் தோழர்களே இருக்கிறார்கள்.