காவிரி பிரியும் இடங்களில் இறங்குங்கள்

எல்லோருக்கும் வணக்கம். வெளியே மழை மிரட்டிக்கொண்டிருக்கிறது. அதையும் பொருட்படுத்தாமல் மயிலாப்பூர் வரைக்கும் வந்திருக்கிறீர்கள். ஒரு பெரிய ஆற்றின் வழியே பயணம், அதன் வரலாறு, பண்பாடு என்று தலைப்பு தந்தார்கள். எந்த ஆறு என்பதை என் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். நைல், மீகாங் பக்கமெல்லாம் நான் போகவில்லை. காவிரியையே எடுத்துக்கொண்டேன்.

காவிரிப் பயணம் என்றால் வழக்கமாகத் தலைக்காவிரியில் தொடங்கி, கோயில் கோயிலாக இறங்கி, பூம்புகாரில் முடிப்பார்கள். அதில் தப்பில்லை. என் கட்சி கொஞ்சம் வேறு. ஆறு எங்கே பிரிகிறதோ, எங்கே பிரிக்கப்படுகிறதோ, அங்கே இறங்குங்கள் என்பேன். பாகப்பிரிவினை நடக்கும்போதுதான் ஒரு குடும்பத்தின் கதை முழுசாக வெளியே வரும். யார் உழைத்தார், யார் ஏமாந்தார், யாருக்கு எந்த மூலை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

அதனால் தலைக்காவிரியைச் சீக்கிரம் கடந்துவிடுவோம். குடகு மலையில் ஒரு சின்னக் குளம். துலா சங்கிரமணத்தன்று, அதாவது நமக்கு ஐப்பசி பிறக்கும்போது, ஊற்று பொங்குவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். குடகர்களுக்குக் காவிரி குலதெய்வம். அழகான இடம். ஆனால் அங்கே காவிரிக்குப் பங்காளிகள் கிடையாது.

முதல் பிரிவு ஸ்ரீரங்கப்பட்டணம். ஆறு இரண்டாகி ஒரு தீவைச் சுற்றி வருகிறது. நடுவில் ரங்கநாதர். இன்னும் கீழே சிவசமுத்திரத் தீவில் ஒரு ரங்கநாதர், கடைசியில் நம் ஸ்ரீரங்கத்தில் ஒருவர். ஆதிரங்கம், மத்தியரங்கம், அந்தியரங்கம் என்பார்கள். மூன்றுமே ஆற்றுத் தீவுகள் என்பதைக் கவனியுங்கள். தீவு என்றால் பக்தனுக்கு மட்டுமல்ல, அரசனுக்கும் பிடிக்கும், ஆறே அகழி. ஆனால் அந்த அகழி எல்லா மாதமும் காவல் காக்காது. 1799 மே 4 அன்று ஆங்கிலேயப் படை திப்புவின் கோட்டைக்குள் நுழைந்தபோது, கோடையில் இளைத்திருந்த காவிரியில் இறங்கி நடந்தே கடந்தது. மழைக்காலம் தொடங்கும் முன் முடித்தாக வேண்டும் என்பதுதான் அவர்களுடைய அவசரம்.

பக்கத்திலேயே கிருஷ்ணராஜ சாகர் அணை. 1911-இல் வேலை தொடங்கியபோது, அங்கே அணை கட்டத் திப்பு 1794-இல் பொறித்த பாரசீகக் கல்வெட்டு கிடைத்தது. ஒரே இடத்தில் இரண்டு காலத்து ஆட்களுக்கு ஒரே யோசனை! அணை எழும்பியபோது பழைய கண்ணம்பாடி ஊர் தண்ணீருக்குள் போனது.

சிவசமுத்திரத்தில் அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், மின்நிலையத்தையும் பாருங்கள். 1902-இல் அங்கிருந்து கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் போனது. பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு வந்தது அதற்குப் பிறகு, 1905-இல்தான். சுரங்கத்தில் இறங்கியவர்களில் வட ஆற்காட்டிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். காவிரி என்றால் நமக்கு நெல்தான் நினைவுக்கு வரும். அவர்களுடைய காவிரி கம்பி வழியாக வந்தது.

தமிழக எல்லையில் பிலிகுண்டுலு. பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை, நிஜமாகவே ஒன்றுமில்லை. மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் ஒன்று உண்டு. நாளிதழ்களில் வருகிற கன அடிக் கணக்கு அங்கே எடுப்பது. ஆறு அங்கே கிளை விடவில்லை, காகிதத்தில்தான் பிரிகிறது. 1892, 1924 ஒப்பந்தங்கள், 1990-இல் நடுவர் மன்றம், 2007-இல் அதன் இறுதித் தீர்ப்பு, 2018-இல் உச்ச நீதிமன்றம். கடைசிக் கணக்குப்படி ஆண்டுக்கு 177.25 டிஎம்சி அங்கே நமக்கு வந்து சேர வேண்டும். ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி. கோயிலுக்குப் போகிற பேருந்துகள் இங்கே நிற்காது. என்னைக் கேட்டால் நிற்க வேண்டும்.

ஒகேனக்கல்லில் பரிசல், மீன் வறுவல், எண்ணெய் மசாஜ். அது உங்களுக்கே தெரியும், விட்டுவிடலாம். மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது, முழு நீர்மட்டம் 120 அடி. அணை தாழும்போது பண்ணவாடிப் பக்கம் பழைய கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தலைகாட்டும். அதைப் பார்க்கச் சுற்றுலாக் கூட்டம் வரும். அதே நாளில் டெல்டா விவசாயி, ஜூன் 12-க்குத் திறப்பார்களா, குறுவை உண்டா என்று கவலையோடு விசாரித்துக்கொண்டிருப்பார்.

பவானியில் கூடுதுறைக்கு எல்லோரும் போகிறோம். அங்கேயே, பவானி ஆறு காவிரியில் சேருவதற்குச் சற்று முன்னால், காலிங்கராயன் வாய்க்கால் பிரிகிறது. 13-ஆம் நூற்றாண்டு வேலை. மேட்டை விட்டு ஒதுங்கி, நிலத்தின் வாட்டம் பார்த்து வளைந்து வளைந்து நொய்யல் வரைக்கும் போகிறது. சுயநலத்துக்காக வெட்டினான் என்ற பேச்சு வரக்கூடாதென்று, வெட்டியவன் தன் வம்சத்தோடு ஊரை விட்டே போய்விட்டான் என்று அந்தப் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, தண்ணீர் பிரிக்கிறவன் மேல் ஊருக்கு எவ்வளவு சந்தேகம் இருந்திருக்கிறது பாருங்கள்.

இனி முக்கொம்பு. இங்கே கொஞ்சம் உட்கார வேண்டும். திருச்சிக்கு மேற்கே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடம் பள்ளம், சரிவும் அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம் சாய, காவிரி மணல் மேடிட்டுத் தஞ்சாவூர் காயத் தொடங்கியது. 1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலையில் மேலணையைக் கட்டினார். கதை அங்கே முடியவில்லை. இப்போது காவிரிப் பக்கம் நீர் மிஞ்சிப்போய் அடிமணலை அரித்தது. அங்கேயும் தடுப்பு வைக்க வேண்டியதாயிற்று. ஆற்றைப் பங்கு போடுவது ஒருமுறை செய்து முடிக்கிற காரியமில்லை. 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் அதே கொள்ளிட மேலணையின் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போனது உங்களுக்கு நினைவிருக்கும்.

ஸ்ரீரங்கம் தீவு முடிகிற இடத்தில் காவிரி மறுபடி கொள்ளிடத்தை நெருங்குகிறது. விட்டால் உள்ளாறு வழியாக அதில் விழுந்துவிடும். விழாமல் தடுப்பதுதான் கல்லணை. கரிகாலன் கட்டியது என்பது மரபு. மணலில் கல்லைப் போட்டு, அது புதையப் புதைய மேலே கல்லடுக்கி, களிமண் பூசி எழுப்பிய வேலை. ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை இவர்களிடம்தான் கற்றோம் என்ற பொருளில் காட்டனே எழுதியிருக்கிறார். மேலே நின்றால் காவிரி, வெண்ணாறு, 1934-இல் திறந்த கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலு பக்கமும் தண்ணீர் பிரிவது தெரியும். திறப்பு நாளில் நெல்லும் பூவும் தூவுவார்கள்.

அப்புறம் டெல்டா. இங்கே ஒவ்வொரு மதகும் ஒரு பிரிவு. தலைமடையா கடைமடையா, அதாவது வாய்க்காலின் தொடக்கமா கடைசியா, என்பதைப் பொறுத்துச் சாகுபடி மட்டுமல்ல, பெண் கொடுக்கல் வாங்கல்கூட மாறும். முன்வரிசையில் ஒரு ஐயா சிரிக்கிறார், தஞ்சாவூர்க்காரராக இருக்க வேண்டும்! திருவையாற்று இசையையும் ஆடிப்பெருக்குச் சித்ரான்னத்தையும் பேசுகிற நாம், வாய்க்காலைத் தூர்வாரியவர்களை அவ்வளவாகப் பேசுவதில்லை. தண்ணீர் வயலுக்குப் பிரிந்தது, நிலம் அவர்களுக்குப் பிரியவில்லை. கடைமடைப் பக்கம் கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். காவிரிப் பண்பாடு என்று சொல்லும்போது அந்த ஊரை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேச எனக்கு மனம் வராது.

பூம்புகாரில் ஏமாற்றம் அடைவீர்கள். இவ்வளவு பிரித்துக் கொடுத்தபின் காவிரி அங்கே ஒரு வாய்க்கால் அகலத்துக்குத்தான் கடலைத் தொடுகிறது. பக்கத்தில் கீழையூரில் தொல்லியல் துறை தோண்டியெடுத்த செங்கல் படகுத்துறையைப் பாருங்கள். ஒரு காலத்தில் எவ்வளவு தண்ணீர் வந்திருக்க வேண்டும் என்று தெரியும்.

இன்னொரு முடிவும் உண்டு, அது நமக்கு நெருக்கமானது. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து, அணைக்கரையில், வடவாறு பிரிந்து வீராணம் ஏரிக்குப் போகிறது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்து ஏரி. அதன் தண்ணீர் 2004 முதல் சேத்தியாத்தோப்பு, வடக்குத்து வழியாகக் குழாயில் போரூர் வந்து சேர்கிறது. திட்ட அளவு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். ஆக, சென்னையும் கடைமடைதான். டெல்டாவில் ஆறு நாள் தண்ணீர் தள்ளிப்போனால் அது மற்றவர் வீட்டு விவகாரம் என்று நாம் சேனலை மாற்ற முடியாது.

போக நினைப்பவர்கள் முழு ஆற்றையும் ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள். முக்கொம்பு, கல்லணை, அணைக்கரை, வீராணம் என்று போய் வாருங்கள். திருச்சியில் இறங்கிச் சிதம்பரத்தில் ரயில் ஏறிவிடலாம். மேட்டூர் திறந்த பிறகு, ஆடி, ஆவணியில் போனால் ஓடுகிற தண்ணீரைப் பார்க்கலாம். லஸ்கரிடம், அதாவது மதகைத் திறந்து மூடுகிற பணியாளரிடம், கொஞ்சம் பேச்சுக் கொடுங்கள். எந்தக் கையேட்டிலும் இல்லாதது அவரிடம் இருக்கும்.

சரி, கேள்விகளுக்கு நேரம் விடச் சொன்னார்கள். மைக்கை அந்த அம்மாவிடம் கொடுங்கள், ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார்.