அக்கவுன்ட் இருக்கு, புழக்கம் இருக்கா?

[திரை: கூகுள் பிளஸ் லோகோ. பக்கத்தில் ஒரு கடிகாரம் ஐந்து நொடி ஓடி நிற்கிறது.]

குரல்:
2011ல கூகுள் பிளஸ் வந்தப்போ, ஃபேஸ்புக்குக்குச் சரியான போட்டி வந்தாச்சுன்னு பேசுனாங்க. ஒரு கட்டத்துல யூடியூப்ல கமெண்ட் போடணும்னாகூட அதுல ஒரு புரொஃபைல் வேணும்னு ஆச்சு. கணக்கு எடுத்தா கூட்டம் கோடிக்கணக்கு. ஆனா 2018 அக்டோபர்ல கூகுளே ஒரு விவரத்தை வெளியிட்டுச்சு: கூகுள் பிளஸ்ஸை 100 தடவை திறந்தா, அதுல 90 தடவை அஞ்சு நொடிக்குள்ள மூடிடுறாங்க. அஞ்சு நொடியில ஒரு பதிவைக்கூட முழுசா படிக்க முடியாது. 2019 ஏப்ரல்ல பொதுமக்களுக்கான கூகுள் பிளஸ்ஸை மூடிட்டாங்க.

அக்கவுன்ட் வச்சிருக்குறது வேற, புழங்குறது வேற. சாதாரண மக்கள் தினமும் எதைப் புழங்குறாங்க, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது, எங்க கணக்கு தப்புது? இந்த வீடியோ அதைப் பத்திதான்.

[திரை: "உறுப்பினர்", "மாதம்", "நாள்", மூன்று வார்த்தைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக.]

குரல்:
முதல்ல, கம்பெனிகள் சொல்ற எண்ணை எப்படிப் படிக்கணும்னு பார்த்துடலாம். "எங்ககிட்ட 100 கோடி பேர்"னு ஒரு கம்பெனி சொன்னா, உடனே கேக்க வேண்டிய கேள்வி: என்ன 100 கோடி?

லிங்க்டுஇன் 2023ல 100 கோடியைத் தொட்டுச்சு. அது உறுப்பினர் எண்ணிக்கை. வேலை தேடுறப்போ ஒரு கணக்கு தொடங்கி, வேலை கிடைச்சதும் அந்தப் பக்கமே போகாதவங்களும் அதுக்குள்ள அடக்கம். இந்த வகை எண்ணை வச்சு தினசரிப் புழக்கத்தைப் பத்தி எதுவுமே சொல்ல முடியாது. 2023 ஜூலையில வந்த, ட்விட்டர் மாதிரி சின்னப் பதிவு போடுற த்ரெட்ஸ் செயலி அஞ்சே நாள்ல 10 கோடி பேரைச் சேர்த்துச்சு. இன்ஸ்டாகிராம் கணக்கு இருந்தா ஒண்ணு ரெண்டு தட்டுலயே உள்ள போயிடலாம்ங்கறதால அவ்வளவு வேகம். வந்தவங்கள்ல பெரும்பகுதி எட்டிப் பார்த்துட்டுத் திரும்பிட்டாங்க. அப்புறம் அது மெதுவாத்தான் வளர்ந்துச்சு.

அடுத்தது மாதக் கணக்கு. 30 நாள்ல ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் நீங்க அந்தக் கணக்குல ஒருத்தர். யாரோ அனுப்புன லிங்க்கைத் தொட்டு உள்ள போயிருந்தாலும் சேர்த்தி.

உருப்படியான எண் தினசரி எண். அதை மாத எண்ணால வகுத்துப் பாருங்க. 2023 கடைசியில ஃபேஸ்புக்குக்கு மாதம் 307 கோடி பேர், தினம் 211 கோடி பேர். வகுத்தா நூத்துக்கு 69. அதாவது, ஏதாவது ஒரு நாளை எடுத்துக்கிட்டா, அந்த மாசம் வந்தவங்கள்ல பத்துக்கு ஏழு பேர் அன்னிக்கும் வந்திருக்காங்க. "ஃபேஸ்புக்ல இப்ப யாருங்க இருக்கா"ன்னு கேக்குறவங்க இந்த எண்ணை ஒருதடவை பார்க்கலாம். 2024 தொடக்கத்துல இருந்து, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூணையும் நடத்துற மெட்டா நிறுவனம் ஃபேஸ்புக்குக்குன்னு தனியா இந்த எண்ணைத் தர்றதை நிறுத்திட்டு, தன் செயலிகள் எல்லாத்தையும் சேர்த்து ஒரே எண்ணா சொல்லுது.

விளம்பர எண்ணிக்கைன்னு ஒண்ணும் இருக்கு, அதுகிட்ட ஜாக்கிரதை. 2017ல ஃபேஸ்புக்கோட விளம்பரப் பக்கம், அமெரிக்காவுல 18லிருந்து 24 வயசுக்குள்ள 4 கோடியே 10 லட்சம் பேரை எட்டலாம்னு காட்டுச்சு. மக்கள்தொகைக் கணக்குப்படி அந்த வயசுல இருந்தவங்களே சுமார் 3 கோடியே 10 லட்சம்தான். ஒரே ஆள் ரெண்டு கணக்கு வச்சிருக்கலாம், வயசை மாத்திப் போட்டிருக்கலாம், ஊருக்கு வந்துபோற பயணியா இருக்கலாம். விளம்பர எண் ஆளை எண்ணுறதில்ல, கணக்கை எண்ணுது.

[திரை: ஒரு போனின் முகப்புத் திரை. வாட்ஸ்அப் ஐகான் மேல் மெல்ல நெருங்கும் காட்சி.]

குரல்:
சரி, உண்மையான புழக்கத்துக்கு வருவோம்.

"நீங்க சோஷியல் மீடியா பயன்படுத்துறீங்களா?"ன்னு ஒருத்தர்கிட்ட கேளுங்க. "இல்லைங்க, வெறும் வாட்ஸ்அப்தான்"னு பதில் வரும். அந்த "வெறும்"தான் உலகத்துலயே பெரிய புழக்கங்கள்ல ஒண்ணு. 2009ல தொடங்குன வாட்ஸ்அப்பை 2025ல மாதம் 300 கோடி பேருக்கு மேல பயன்படுத்துறாங்கன்னு மெட்டா சொல்லியிருக்கு. போன் நம்பர்தான் கணக்கு, தனியா பாஸ்வேர்டு வேணாம், யாரையும் தேடிச் சேர்க்க வேணாம். போன்ல இருக்குற நம்பரெல்லாம் தானா வந்துடும். வயசானவங்களும் சிரமமில்லாம நுழைஞ்சதுக்குக் காரணம் இதுதான். ஒருத்தர் விட்டுப் போகவும் முடியாது. குடும்பம், ஆபீஸ், பிள்ளையோட வகுப்புன்னு எல்லாக் குரூப்பும் அங்கதான் இருக்கு.

இன்னொரு பேர், கேட்டா சொல்ல மறந்துடுற பேர்: யூடியூப். அதை டிவி கணக்குல வச்சிடுறாங்க. ஆனா தினமும் 100 கோடி மணி நேரம் ஜனங்க யூடியூப் பார்க்குறாங்கன்னு அந்த நிறுவனம் 2017லயே சொல்லிடுச்சு. லாகின் பண்ணாமயே பார்க்கலாம், எதுவும் எழுத வேணாம், எழுத்து வேகமா படிக்க வராதவங்களுக்கும் தடை இல்லை. குழாய் எப்படி மாத்துறதுங்கறதுல இருந்து பாட்டு கேக்குறது வரைக்கும் எல்லாத்துக்கும் அங்கதான் போறாங்க. அமெரிக்காவுல பியூ ஆய்வு மையம் 2023ல கேட்டப்போ, வயசுக்கு வந்தவங்கள்ல 83 சதவீதம் பேர் யூடியூப் பார்க்குறதாச் சொன்னாங்க. ஃபேஸ்புக் 68, இன்ஸ்டாகிராம் 47. ட்விட்டர், அதாவது இப்போதைய எக்ஸ், 22.

அந்த 22ஐ கொஞ்சம் கவனிங்க. செய்திகள்ல தினமும் அடிபடுற பேர் அதுதான். அரசியல்வாதிகள், பத்திரிகையாளர்கள், நடிகர்கள் அங்க எழுதுறாங்க, அவங்க எழுதுனது மறுநாள் செய்தியாகுது. அதனால எல்லாரும் அங்க இருக்குற மாதிரி ஒரு தோற்றம். எழுதுறவங்களும் கொஞ்சம் பேர்தான். அதே பியூ மையம் 2021ல வெளியிட்ட கணக்குல, அமெரிக்க ட்வீட்கள்ல 97 சதவீதத்தை எழுதுனவங்க அங்க இருந்த பயனர்கள்ல கால்வாசிப் பேர். மிச்ச முக்கால்வாசிப் பேர் கிட்டத்தட்ட வேடிக்கை பார்க்குறவங்க. ஒரு தளத்தோட சத்தத்தை வச்சு அதோட கூட்டத்தை அளந்தா இப்படித்தான் ஏமாறுவோம்.

[திரை: இன்ஸ்டாகிராமில் ஒரு ரீலின் கீழே உள்ள "அனுப்பு" அம்புக்குறி.]

குரல்:
இன்ஸ்டாகிராம் ஒரு செயலின்னு சொல்றோம், ஆனா அது நாலு செயலி. ஃபோட்டோ போடுற ஃபீட், 24 மணி நேரத்துல மறையுற ஸ்டோரி, சின்ன வீடியோவான ரீல்ஸ், அப்புறம் தனி மெசேஜான டிஎம். இளைஞர்கள்ல நிறைய பேர் ஃபீட்ல ஃபோட்டோ போட்டு மாசக்கணக்கு ஆகியிருக்கும். ஆனா தினமும் உள்ள இருப்பாங்க. ரீல்ஸ் பார்த்து, பிடிச்சதை டிஎம்ல தோழனுக்கு அனுப்பி, அங்க சிரிச்சுட்டுப் போறதுதான் இப்போதைய புழக்கம். மெட்டா மேல நடந்த ஏகபோக வழக்குல 2025ல வந்த தீர்ப்புல ஒரு கணக்கு இருக்கு: அமெரிக்கர்கள் இன்ஸ்டாகிராம்ல செலவழிக்கிற நேரத்துல, நண்பர்கள் போட்டதைப் பார்க்குறது வெறும் 7 சதவீதம். ஃபேஸ்புக்ல 17. மிச்சமெல்லாம் முகம் தெரியாதவங்களோட வீடியோவும் மத்ததும். நண்பர்களோட பேச்சு தனி மெசேஜுக்கு நகர்ந்துடுச்சு, அது வெளியில இருந்து யார் கண்ணுக்கும் படாது. ஒருத்தரோட பக்கத்துல பதிவு இல்லைன்னு வச்சு, அவர் அங்க இல்லைன்னு முடிவு பண்ணிடாதீங்க.

ஸ்னாப்சாட்டோட பேரே பெரியவங்க நிறைய பேருக்குத் தெரியாது, பள்ளி கல்லூரிப் பிள்ளைங்களுக்கு அது தினசரிப் பழக்கம். ரெண்டு பேரும் 24 மணி நேரத்துக்குள்ள ஆளுக்கொரு ஸ்னாப், அதாவது ஃபோட்டோவோ வீடியோவோ, அனுப்பிக்கணும், இல்லேன்னா "ஸ்ட்ரீக்"ங்கற நாள் தொடர்ச்சி அறுந்துபோகும். நூறு நாள் காப்பாத்துனதை யாரு விடுவா? டெலிகிராம் பேசுறதுக்கு இல்ல, எடுக்குறதுக்கு. பெரிய கோப்பு, தேர்வுக் குறிப்பு, சேனல்கள். கேள்வி கேட்டு விவாதிக்கிற தளமான ரெட்டிட்டுக்கு ஒரு பெரும் கூட்டம் கூகுள் தேடல் வழியா வந்து, பதிலைப் படிச்சுட்டுப் போயிடும்.

இது எல்லாமே நாட்டுக்கு நாடு மாறும். சீனாவுல வீசாட், ஜப்பான்ல லைன், தென் கொரியாவுல ககாவோடாக், வியட்நாம்ல ஸாலோ. இந்தியாவுல 2020 ஜூன்ல டிக்டாக்கைத் தடை பண்ணுன பிறகு, அந்தக் கூட்டம் ரீல்ஸுக்கும் யூடியூப் ஷார்ட்ஸுக்கும் போயிடுச்சு. அதனால உலகப் பட்டியலை அப்படியே உங்க ஆட்கள் மேல ஒட்ட முடியாது. நாமளே அளந்துடணும்.

[திரை: ஆண்ட்ராய்டு அமைப்புகள், டாஷ்போர்டின் வட்ட வரைபடம்.]

குரல்:
முதல்ல சொந்த போன். ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ் போய், டிஜிட்டல் வெல்பீயிங், அதுக்குள்ள டாஷ்போர்டு. மேல இருக்குற தேர்வைத் தொட்டா மூணு கணக்கு கிடைக்கும்: திரை நேரம், எத்தனை அறிவிப்பு வந்துச்சு, எத்தனை தடவை திறந்தீங்க. சில போன்ல பேரும் இடமும் கொஞ்சம் மாறும். செட்டிங்ஸ் தேடல்ல "வெல்பீயிங்"னு அடிச்சா வந்துடும். ஐபோன்ல செட்டிங்ஸ், ஸ்க்ரீன் டைம், அதுல எல்லாச் செயல்பாட்டையும் காட்டுங்கற வரியைத் தொடுங்க. கீழ இறங்குனா "பிக்கப்ஸ்" இருக்கும். போனைக் கையில எடுத்ததும் முதல்ல திறந்த செயலி எதுன்னு காட்டும். அது ரொம்ப உண்மையான எண்.

ஒரு நாளை மட்டும் பார்க்காதீங்க. ஞாயித்துக்கிழமை ஒரு மாதிரி, வேலை நாள் ஒரு மாதிரி. முழு வாரம் எடுத்துக்குங்க.

இப்போ நிமிஷத்தை மட்டும் பார்த்தா தப்பு வரும். உதாரணத்துக்கு, ஒரு நாள்ல வாட்ஸ்அப் 60 தடவை, மொத்தம் 45 நிமிஷம். ஒரு தடவைக்கு முக்கால் நிமிஷம். யூடியூப் 4 தடவை, 80 நிமிஷம். ஒரு தடவைக்கு 20 நிமிஷம். நேரத்துல யூடியூப் முதல், திறந்த தடவையில வாட்ஸ்அப் முதல். ரெண்டுமே சரி. சேதி சொல்லணும்னா அடிக்கடி திறக்குற இடம் வேணும், நிதானமா ஒண்ணை விளக்கணும்னா நேரம் உக்காருற இடம் வேணும்.

இந்தக் கணக்குலயும் ஓட்டை உண்டு. டிவியில பார்த்த யூடியூப் போன்ல ஏறாது. அறிவிப்புலயே மெசேஜைப் படிச்சுட்டு விட்டா, திறந்ததா எண்ணாது. இன்ஸ்டாகிராமுக்குள்ளயே ஒரு இணையப் பக்கம் திறந்தா அந்த நேரமும் இன்ஸ்டாகிராம் தலையில விழும். ஐபோன்ல "சாதனங்களுக்கு இடையில பகிர்"ங்கறது ஆன்ல இருந்தா, பிள்ளை உங்க கணக்குல ஐபேட்ல பார்த்ததும் சேர்ந்துடும்.

[திரை: ஒரு தாள், கையால் போட்ட கட்டங்கள்.]

குரல்:
ஒரு சங்கம், ஒரு வகுப்பு, ஒரு குடியிருப்பு, யாருக்காவது நீங்க சேதி சொல்லணும்னா, அவங்களையும் கேக்கணும். இங்கதான் பெரும்பாலானவங்க சறுக்குறாங்க. ஆன்லைன் படிவம் ஒண்ணு போட்டு, அதை வாட்ஸ்அப் குரூப்ல அனுப்பி, "எல்லாரும் வாட்ஸ்அப்தான்"னு முடிவுக்கு வந்துடுவாங்க. வாட்ஸ்அப் பார்க்காதவருக்கு அந்தப் படிவமே போய்ச் சேரலையே!

நேர்ல கேளுங்க, இல்லேன்னா போன்ல. வயசு கலந்து 25, 30 பேர் போதும். "சோஷியல் மீடியா"ங்கற வார்த்தையே வேணாம். செயலி பேரை ஒவ்வொண்ணாச் சொல்லி, "இதை நேத்து திறந்தீங்களா?"ன்னு கேளுங்க. "பயன்படுத்துவீங்களா"ன்னு கேட்டா ஆசையைச் சொல்வாங்க, "நேத்து"ன்னு கேட்டா நினைவைச் சொல்வாங்க. அடுத்து, "கடைசியா ஒரு அவசரத் தகவல் உங்களுக்கு எது வழியா வந்துச்சு?" மூணாவது, "கடைசியா நீங்க எழுதுனதோ ஃபோட்டோ போட்டதோ எங்க?" மூணாவது கேள்விக்கு நிறைய பேர் யோசிச்சுட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்னு சொல்வாங்க, இல்லேன்னா ஞாபகமே இல்லைம்பாங்க. அதுவும் ஒரு பதில்தான், எழுதிக்குங்க. வயசை 25க்குக் கீழ, 25லிருந்து 50, 50க்கு மேலன்னு மூணாப் பிரிச்சு எண்ணுங்க. மொத்தமா எண்ணுனா இளைஞர்களோட ஸ்னாப்சாட் காணாமப் போயிடும்.

பதில் வாட்ஸ்அப்னு வந்தாலும் வேலை முடியல. ஒரே சேதியைப் பல பேருக்குத் தனித்தனியா அனுப்புற பிராட்காஸ்ட் லிஸ்ட்ல 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனா உங்க நம்பரை அவங்க போன்ல சேமிச்சு வச்சிருந்தாத்தான் சேதி போகும். "அனுப்புனேன், வரலைங்கறாங்க"ங்கற புகாருக்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான். குரூப்ல 1,024 பேர் வரை அடங்கும், ஆனா நிறைய பேர் சத்தத்தை அணைச்சு வச்சிருப்பாங்க, சிலர் ஆர்க்கைவ்ல தள்ளியிருப்பாங்க. ஆர்க்கைவ்ல போன குரூப் புது மெசேஜ் வந்தாலும் மேல ஏறி வராது. அதனால அறிவிப்புக்குன்னு தனி குரூப் வச்சு, அட்மின் மட்டும் எழுதுற மாதிரி அமைச்சுடுங்க. காலை வணக்கப் படங்கள் வராத குரூப்பை யாரும் அணைக்க மாட்டாங்க.

[திரை: ஒரு குரூப் மெசேஜை அழுத்திப் பிடிக்கும் விரல். "தகவல்" பக்கம் திறக்கிறது.]

குரல்:
அனுப்பி ஒரு நாள் கழிச்சு, நீங்க போட்ட மெசேஜை அழுத்திப் பிடிச்சு "தகவல்"ங்கறதைத் தொடுங்க. படிச்சவங்க பேர் ஒரு பக்கம், போய் மட்டும் சேர்ந்தவங்க பேர் ஒரு பக்கம் வரும். நீல டிக்கை அணைச்சு வச்சவங்களும் குரூப்ல படிச்சா இதுல தெரிஞ்சிடுவாங்க. ரெண்டாவது பட்டியல்ல நிக்குறவங்களுக்கு மறுபடி மெசேஜ் போடாதீங்க, போன் பண்ணிச் சொல்லிடுங்க.