வாங்கிய கேம் யாருடையது?

விழாத் தலைவர் அவர்களே, அரங்கத்தை மனமுவந்து தந்த கல்லூரி முதல்வர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கர்னல் ஐயா அவர்களே, நண்பர்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளருக்கு நன்றி. கேசட்டில் கேம் ஏற்றி ஆடிய காலத்திலிருந்து இந்தத் துறையைப் பார்த்து வருபவர் நம் தலைவர். அவர் முன்னால் பேசக் கிடைத்தது என் பேறு.

கணினிப் போர் விளையாட்டு ஆடுகிறவர்கள் வெளியீட்டு நிறுவனங்களிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள்? ஐந்து விஷயங்கள்: புத்தியுள்ள எதிரி, வரலாற்றுக்கு நேர்மை, புரியும்படியான மேனுவல், நியாயமான விலை, வாங்கிய பொருளுக்கு ஆயுள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். நல்ல போர் விளையாட்டும் அப்படித்தான்.

முதலில் எதிரி. 2009-ல் வந்த ‘எம்பயர்: டோட்டல் வார்’ பார்க்க அழகோ அழகு. ஆனால் வெளியான புதிதில், கம்ப்யூட்டர் ஆடும் நாடுகளுக்குப் படையைக் கப்பலேற்றி அடுத்தவன் கரையில் இறக்கத் தெரியவில்லை. பிரிட்டனை எடுத்து ஆடினால் சொந்தத் தீவுக்குக் காவலே தேவையில்லை! பிறகு பேட்ச், அதாவது பிழை திருத்தும் கோப்பு, வந்துதான் சரியானது. ஜெயித்தால் பெருமைப்படும்படியான எதிரி வேண்டும். எதிரிக்குக் கள்ளத்தனமாகப் பணத்தையும் துருப்பையும் அள்ளிக் கொடுத்துவிட்டு ‘கடினம்’ என்று பெயர் வைப்பதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

அடுத்தது வரலாறு. இதை ஒரு கதையாகவே சொல்கிறேன். ‘வார் இன் தி பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன்’. இரண்டாம் உலகப் போரின் பசிபிக் சண்டையை ஆடும் கேம். அதுவும் 2009-ல் வந்ததுதான். நம் முறைக்கு ஆடும் ஒரு டர்ன் என்றால் போரில் ஒரு நாள். திருகோணமலை நண்பர் ஒருவரோடு, டர்ன் கோப்புகளை மின்னஞ்சலில் மாற்றி மாற்றி அனுப்பி ஆடினேன். அவர் நேச நாடுகள், நான் ஜப்பான். 1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலைத் துறைமுகம் ஜப்பானிய விமானங்களால் குண்டுபட்டதைத் தன் அம்மப்பா வாயால் கேட்டு வளர்ந்தவர் அவர். அன்று ‘ஹெர்மிஸ்’ என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் தன்னிடம் ஒரு விமானம்கூட இல்லாமல் மட்டக்களப்புக் கடலில் அகப்பட்டது. காவலுக்குப் போன ‘வாம்பயர்’ என்ற ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பலோடு சேர்ந்து அதுவும் மூழ்கியது. எங்கள் ஆட்டத்தில் என் கப்பல்கள் இலங்கையை நெருங்கும்போதே நண்பர் விமானங்களைக் கப்பலில் ஏற்றி, ஹெர்மிஸை மாலத்தீவின் அட்டு அட்டோலுக்கு அனுப்பிவிட்டார். நான் மட்டக்களப்புக் கடல் முழுக்கத் துழாவினேன். வெறும் தண்ணீர். இரவு டர்ன் கோப்போடு ஒரு வரி வந்தது: “அம்மப்பா இருந்திருந்தா இதைக் காட்டியிருப்பன்.”

நண்பர்களே, நாம் கேட்பது இதைத்தான்! தேதியும் தூரமும் எரிபொருளும் உண்மையாக இருக்க வேண்டும். முடிவு மட்டும் நம் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆட்டத்துக்கு நிறுவனத்தின் சர்வர், அதாவது இணையத்தில் இயங்கும் அவர்களுடைய கணினி, தேவைப்படவில்லை. கோப்பை அனுப்பினால் போதும். அதனால்தான் இன்றும் ஆடுகிறோம். யானை இறந்தாலும் ஆயிரம் பொன்!

ஆனால் என் அலமாரியில் இன்னொரு பெட்டி இருக்கிறது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். டிஸ்க்கில் கீறல் இல்லை, மேனுவல் கசங்கவில்லை. நிறுவினால் உரிமத்தைச் சரிபார்க்க ஒரு சர்வரைத் தேடுகிறது. அந்தச் சர்வர் மூடியாகிவிட்டது. முழு விலை கொடுத்தவன் என்ன தப்பு செய்தான்?

இது போர் விளையாட்டோடு நிற்கவில்லை. 2014-ல் யுபிசாஃப்ட் வெளியிட்ட ‘தி க்ரூ’ கார் பந்தய கேமின் சர்வர்களை 2024-ல் மூடினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களும் ஆட முடியாமல் போனது. அதிலிருந்து பிறந்த இயக்கம் ஐரோப்பாவில் பத்து லட்சம் கையெழுத்துக்கு மேல் திரட்டியது. விலை, மேனுவல் எல்லாம் இருக்கட்டும். வாங்கிய பொருளுக்கு ஆயுள் இல்லாவிட்டால் அவற்றால் என்ன பயன்?

நம் கோரிக்கை சின்னது. விற்பனையை நிறுத்துங்கள், சர்வரை மூடுங்கள், அது உங்கள் வியாபாரம். மூடும் நாளில் ஒரு கடைசி பேட்ச் கொடுங்கள். இணையம் இல்லாமலும் கேம் ஓட வேண்டும், இருவர் கோப்பு மாற்றி ஆட முடிய வேண்டும். யானையைப் புதைக்கிறவர்கள் தந்தத்தையும் சேர்த்துப் புதைக்காதீர்கள்.

மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. தலைவர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கி வைக்க வேண்டுகிறேன். அடுத்தது கர்னல் ஐயா. மற்றவர்கள் தேநீருக்குப் போகும் முன் வரிசையில் வந்துவிடுங்கள்.