மூன்றாம் இடம் வந்த பருவம்

நேயர்களுக்கு வணக்கம். விளையாட்டைப் பற்றிக் கதைக்க வாருங்கள் என்று நிலையத்தார் அழைத்தார்கள். அவர்களுக்கு என் நன்றி. உலகக் கிண்ணத்தைப் பற்றியோ பிரீமியர் லீக்கைப் பற்றியோ கதைக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது இங்கிலாந்து உதைபந்தாட்டத்தின் ஒன்பதாம் படியில் ஆடப்பட்ட ஒரு பருவம், 2002-03. கம்பைண்ட் கவுண்டிஸ் லீக் என்று ஒரு லீக் இருக்கிறது. சறே மாவட்டத்திலும் அதைச் சுற்றியும் உள்ள சின்ன ஊர்களின் கழகங்கள் ஆடுவது. அந்தப் பருவத்தில் அங்கே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் மூன்றாவதாக வந்தது. லீக் கிண்ணமும் இல்லை, மேற்பிரிவுக்கு ஏற்றமும் இல்லை. ஆனாலும் தென் லண்டனில் ஆடப்பட்ட பருவங்களுக்குள் இதற்கு மேல் ஒன்று இல்லை என்பதுதான் என் முடிவு.

தென் லண்டனில், விம்பிள்டனில் இருக்கிற எஃப்ரா வீதிக் கணபதி கோயிலை நேயர்கள் பலருக்குத் தெரியும். 1981இலிருந்து நாங்கள் போய்க் கும்பிடுகிற கோயில். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் பிளவ் லேன் என்ற வீதி. அந்த வீதியில்தான் பழைய விம்பிள்டன் கழகத்தின் மைதானம் இருந்தது. 1889இல் தொடங்கிய கழகம். நெடுங்காலம் தொழில்முறை சாராத ஆட்டக்காரரை வைத்தே ஆடியது. 1963இல் அமெச்சூர் கிண்ண இறுதிப் போட்டியில், வெம்பிளி அரங்கில், சட்டன் யுனைட்டட்டை 4-2 என்று வென்றது. நான்கு கோலையும் எடி ரெனால்ட்ஸ் என்ற ஒரே ஆட்டக்காரர் போட்டார், நான்கும் தலையால். 1977இல் தொழில்முறை லீக்கில் இடம் கிடைத்தது. ஒன்பது வருடத்தில் அதன் உச்சிப் பிரிவு. 1988இல் எஃப்.ஏ. கிண்ண இறுதியில் லிவர்பூலை 1-0 என்று வென்றது. லோரி சான்செஸ் போட்ட கோல், ஜோன் ஓல்ட்ரிஜ் அடித்த பெனால்டியை டேவ் பீசன்ட் தடுத்தது, இரண்டையும் இந்தப் பகுதியில் பிறகு பிறந்த பிள்ளைகள்கூடச் சொல்லும்.

சரிவு மைதானத்தில் தொடங்கியது. 1989இல் ஹில்ஸ்பரோவில் நெரிசலில் ரசிகர்கள் இறந்த பிறகு, பெரிய பிரிவுகளின் மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்று விதி வந்தது. பழைய பிளவ் லேனை அப்படி மாற்றுவது கட்டுப்படியாகாது என்று நிர்வாகம் சொல்லி, 1991இல் கிறிஸ்டல் பலஸ் கழகத்தின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் குடியிருக்கப் போனது. சில காலத்துக்கு என்று போன குடியிருப்பு பன்னிரண்டு வருடம் நீண்டது. அதற்குள் பிளவ் லேன் மைதானம் விற்கப்பட்டுவிட்டது. பிறகு உரிமையாளர்கள் ஒரு வழி கண்டார்கள். கழகத்தையே வடக்கே தொண்ணூறு கிலோமீற்றர் அளவு தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸுக்குக் கொண்டு போய்விடுவது. ரசிகர்கள் எதிர்த்தார்கள், ஊர்வலம் போனார்கள், கடிதம் எழுதினார்கள். உதைபந்தாட்டச் சங்கம் மூன்று பேர் கொண்ட ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. 2002 மே 28ஆம் திகதி, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், போகலாம் என்று தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பில் ஒரு வரி உண்டு. இந்த ரசிகர்கள் விரும்புவதுபோல் விம்பிள்டனில் கழகத்தை அடியிலிருந்து மீண்டும் எழுப்புவது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்று எழுதினார்கள். அந்தச் சொற்களை ரசிகர்கள் மறக்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் நேயர்களுக்கு என்று ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் சனசமூக நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வெளி இருக்கும், அதில் ஊர்க் கழகம் ஆடும். கல் பொறுக்கியது, கோடு போட்டது, கோல் கம்பம் நட்டது எல்லாம் ஊர்ப் பெடியன்கள். போர் வந்தது, சனம் இடம்பெயர்ந்தது. வன்னிக்குப் போன சனத்தோடும் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்த சனத்தோடும் கழகத்தின் பெயரும் கூட வந்தது. கோடை வந்தால் இங்கே பூங்காக்களில் நடக்கும் சுற்றுப்போட்டிகளில் அந்தப் பெயர்களைத்தான் ஒலிபெருக்கியில் கேட்கிறோம். விம்பிள்டனில் நடந்தது அதன் மறுபக்கம். சனம் இருந்த இடத்திலேயே இருந்தது. கழகத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்கள். கழகம் என்றால் சனமா, பதிவுப் பத்திரமா, லீக்கில் உள்ள இடமா என்ற கேள்வி எங்களுக்குப் புதிதல்ல.

தீர்ப்பு வந்து இரண்டாம் நாள், மே 30, விம்பிள்டன் சமூக நிலையத்தில் கூட்டம். மேன்முறையீடு செய்வோம், வழக்குப் போடுவோம் என்ற குரல்களும் இருந்தன. கிரிஸ் ஸ்டுவர்ட் என்ற ரசிகர் எழுந்து, தான் போராடிக் களைத்துவிட்டதாகவும் இனிமேல் உதைபந்தாட்டம் பார்க்கவே விரும்புவதாகவும் சொன்னார். ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற பெயரில் புதுக் கழகம் தொடங்குவது என்று முடிவாயிற்று. உரிமை டோன்ஸ் ட்ரஸ்ட் என்ற ரசிகர் அமைப்பிடம். எவ்வளவு காசு போட்டாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. பயிற்றுநராகப் பழைய விம்பிள்டன் ஆட்டக்காரர் டெரி ஈம்ஸ் வந்தார். ஜூன் 29ஆம் திகதி விம்பிள்டன் பொதுவெளியில் யாரும் வந்து ஆடிக் காட்டலாம் என்று அறிவித்தார்கள். 230 பேர் வந்தார்கள்.

மைதானம் கிங்ஸ்டனில் உள்ள கிங்ஸ்மெடோ. அது கிங்ஸ்டோனியன் கழகத்தின் வீடு, இவர்கள் அங்கே வாடகைக்கு. முதல் சிநேகபூர்வ ஆட்டம் ஜூலை 10ஆம் திகதி, சட்டன் யுனைட்டட்டோடு. ஆம், 1963இல் எடி ரெனால்ட்ஸின் தலையால் தோற்ற அதே சட்டன். 4,657 பேர் பார்க்க வந்தார்கள். விம்பிள்டன் 4-0 என்று தோற்றது. தோற்ற அணியை அந்தச் சனம் வென்ற அணியைப்போல் கொண்டாடியது. ஆறு வாரத்துக்கு முன் உங்களுக்குக் கழகமே இருக்கக்கூடாது என்று சொல்லப்பட்ட ஆட்கள், பதினொரு பேர் தங்கள் பெயரில் மைதானத்துக்குள் இறங்குவதைக் கண்ட நாள் அது. அன்றைக்கு நான்கு கோல் ஒரு கணக்கே இல்லை.

ஆனால் கொண்டாட்டம் ஒரு நாள் கதை. பருவம் என்பது நாற்பத்தாறு ஆட்டம். எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான். ஒரு கூட்டத்தைக் கூட்டிக் கை தூக்கிவிடலாம், அதற்கு ஒரு மாலை போதும். நவம்பர் மாதச் செவ்வாய் இரவில், வேலை முடிந்து, மழையில், ஹாம்ப்ஷயரின் ஒரு மூலையில் உள்ள கோவ் என்ற இடத்துக்கோ ஹார்ட்லி விண்ட்னிக்கோ போய் நிற்பது வேறு விஷயம். எதிரே ஆடுவது லிவர்பூல் அல்ல. ஆஷ், ஃபார்னம், கோபம், மேர்ஸ்தம் போன்ற சின்ன ஊர்களின் அணிகள். அடுத்த தெருக்காரரான ரேன்ஸ் பார்க் வேலும் அதே லீக்கில் இருந்தது. பகலில் வேலைக்குப் போய் மாலையில் ஆடுகிற ஆட்டக்காரர்கள், ஒற்றைக் கூரைக்குக் கீழே சில வரிசை இருக்கை, கம்பி வேலிக்குப் பக்கத்தில் நின்று பார்க்கிற நாய்க்காரர்.

2002 ஆகஸ்ட் 17, முதல் லீக் ஆட்டம், சாண்ட்ஹர்ஸ்ட் டவுன் மைதானத்தில். வழமையாகச் சில பத்துப் பேர் வந்து பார்க்கிற இடத்துக்கு அன்று 2,449 பேர் வந்தார்கள். விம்பிள்டன் 2-1 என்று வென்றது. நான்கு நாள் கழித்துக் கிங்ஸ்மெடோவில் சிப்ஸ்டெட்டோடு ஆடிய ஆட்டத்துக்கு 4,262 பேர். இந்தக் கூட்டம் ஒரு வாரத்தோடு வற்றிவிடும் என்று சொன்னவர்கள் உண்டு. வற்றவில்லை. அந்தப் பருவத்தில் கிங்ஸ்மெடோவுக்கு வந்தவர்களின் சராசரி மூவாயிரத்தைத் தாண்டியது. அதே மாதங்களில் பழைய கழகம், இன்னும் மில்டன் கீன்ஸுக்குப் போய்ச் சேராமல், செல்ஹர்ஸ்ட் பார்க்கில், இரண்டாம் படியில் தொழில்முறை உதைபந்தாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. அதன் சராசரி மூவாயிரத்துக்குக் கீழே. ஏழு படி கீழே ஆடிய கழகத்துக்குச் சனம் கூட. ஆணைக்குழு எழுதிய அந்த வரிக்கு இதைவிடத் தெளிவான விடையை யாரும் எழுதியிருக்க முடியாது.

இன்னொன்றும் நடந்தது. இதைப் பற்றி ஆட்கள் குறைவாகவே கதைப்பார்கள். லீக் ஆட்டத்தில் வாசல் காசு வீட்டுக்கார அணிக்கு. விம்பிள்டன் வருகிற நாளில் ஒரு சின்னக் கழகத்துக்குப் பல மாதத்து வாசல் காசு ஒரே பின்னேரத்தில் சேரும். தேநீர், பியர், ஆட்ட மலர் எல்லாம் விற்றுத் தீரும். அதே நேரம் அந்த ஊர் ஆட்டக்காரருக்கு, தங்கள் வாழ்நாளில் காணாத கூட்டத்தின் முன்னால் ஆடக் கிடைக்கும். சும்மா ஆடுவார்களா? வேறு சனிக்கிழமைகளில் சாதாரணமாக ஆடுகிற அணி விம்பிள்டன் வரும் சனிக்கிழமை உயிரைக் கொடுத்து ஆடியது. ஏழு ஆட்டத்தில் விம்பிள்டன் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பெரிய பெயரோடு வந்து சின்ன லீக்கை மிதித்துவிட்டுப் போகவில்லை. அடி வாங்கி, ஆட்டக்காரரை மாற்றி, அந்த லீக்கின் ஆட்டத்தைப் பழகிக்கொண்டார்கள். அணித் தலைவர் ஜோ ஷீரின், செல்சிக் கழகத்தில் தொடங்கியவர், ஒவ்வொரு வாரமும் அந்த மண்ணில் நின்று உதை வாங்கினார்.

முடிவில் 36 வெற்றி, 3 சமநிலை, 7 தோல்வி, 111 புள்ளி. கடைசிப் பதினொரு ஆட்டத்தையும் தொடர்ந்து வென்றும் மூன்றாம் இடந்தான். முதலாவது வித்டீன் 2000 என்ற கழகம், இரண்டாவது ஏ.எஃப்.சி. வாலிங்ஃபோர்ட். நூற்றுப் பதினொரு புள்ளி எடுத்தும் அடுத்த வருடமும் அதே லீக், அதே கோவ், அதே ஹார்ட்லி விண்ட்னி. புதுக் கழகம் என்ற உற்சாகம் போன பிறகும் ரசிகர் வருவாரா என்று பார்க்கிற சோதனை அங்கேதான் இருந்தது. வந்தார்கள்.

அடுத்த பருவத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 46 ஆட்டத்தில் 42 வெற்றி, 4 சமநிலை, தோல்வியே இல்லை, 180 கோல். கெவின் கூப்பர் எல்லாப் போட்டியிலும் சேர்த்து 66 கோல் போட்டார். தொடர்ந்து 78 லீக் ஆட்டம் தோற்காமல் இருந்தது இங்கிலாந்தில் ஒரு சாதனை. 2004 டிசம்பர் 4ஆம் திகதி கிறே வாண்டரர்ஸ் 2-0 என்று வென்று அதை முடித்துவைத்தது. ஆனால் அந்த 78இன் முதல் ஆட்டம் எப்போது ஆடப்பட்டது என்று பாருங்கள். 2003 பெப்ரவரியில், மூன்றாம் இடம் வந்த அந்தப் பருவத்தின் நடுவில். நான்கு நாளைக்கு முன்னர்தான் வித்டீனிடம் தோற்றிருந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 2011இல் மான்செஸ்டரில் லூட்டன் டவுனைப் பெனால்டியில் வென்று தொழில்முறை லீக்குக்குள் வந்தது, தொடங்கி ஒன்பது வருடத்தில். 2016இல் மூன்றாம் படி. 2020 நவம்பரில் பிளவ் லேனுக்கே திரும்பி வந்தது, பழைய மைதானத்துக்கு மிக அருகில், நாய் ஓட்டப் பந்தயம் நடந்த இடத்தில் கட்டிய புது அரங்கில். பழைய மைதானம் இருந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். ரெனால்ட்ஸ் கேட் என்று பெயர், எடி ரெனால்ட்ஸின் நினைவாக.

இந்தக் கதையை மகிழ்ச்சியாகவே சொல்லி முடிக்க என் மனம் ஒப்பவில்லை. 2003இல் கிங்ஸ்மெடோவின் உரிமையை விம்பிள்டன் ரசிகர்கள் காசு திரட்டி வாங்கினார்கள். வீட்டுக்காரராக இருந்த கிங்ஸ்டோனியன் அன்றிலிருந்து வாடகைக்காரர். புது அரங்குக்குக் காசு தேவைப்பட்டபோது கிங்ஸ்மெடோ செல்சிக்கு விற்கப்பட்டது. 2017இல் கிங்ஸ்டோனியன் அங்கிருந்து வெளியேறி, அயற்கழகங்களின் மைதானங்களில் குடியிருந்து ஆடத் தொடங்கியது. மைதானம் இழந்த வலியை நன்கு அறிந்த ஒரு கழகத்தின் கையால் இன்னொரு கழகம் மைதானம் இழந்தது. சட்டப்படி பிழை இல்லை என்று சொல்லலாம். அது எனக்குப் போதவில்லை. கிங்ஸ்டனில் கிங்ஸ்டோனியனுக்கு ஒரு மைதானம் அமைய விம்பிள்டன் ரசிகர்களே முன்னின்று உழைக்க வேண்டும். 2002 மே மாதத்தில் சமூக நிலையத்தில் கூடிய சனத்துக்கு அந்தக் கடமையை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கம்பைண்ட் கவுண்டிஸ் லீக் இன்றும் நடக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் அதன் மைதானம் ஒன்று இருக்கக்கூடும். சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு ஆட்டம், சில வாரங்களில் செவ்வாய் இரவும் உண்டு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ரிக்கெட் விலை குறைவு, கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கலாம், ஆட்டக்காரர் ஒருவரையொருவர் கூப்பிடுவது காதில் விழும். வாசலில் காசு வாங்குகிறவரோடு இரண்டு சொல் கதைத்துப் பாருங்கள். அநேகமாக அவர்தான் காலையில் வந்து கோடும் போட்டிருப்பார். நன்றி, வணக்கம்.