பொள்ளாச்சியும் பொள்ளாச்சியும் ஒண்ணா?

வணக்கமுங்க. கோவையைச் சுத்தியிருக்கற காலேஜ் பசங்களுக்குப் பல வருசமா இன்டர்வியூ பயிற்சி கொடுத்துட்டு வர்றேன். கோடிங் இன்டர்வியூவுல அடிக்கடி வர்ற கேள்வி, ரெண்டு சொல்லைக் கொடுத்து ஒண்ணான்னு பார்க்கச் சொல்றது. கேட்டதுமே பசங்க கை கீபோர்டுக்குப் போயிரும். அங்கதானுங்க நான் நிறுத்துவேன். "ஒண்ணுன்னா என்னன்னு முதல்ல கேளு கண்ணு. இங்கிலீஷ்ல பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒண்ணா? நடுவுல இடம் விட்டிருந்தா அதுவும் கணக்கா?"

இதை நான் வகுப்புல படிக்கலைங்க. ஆனைமலைப் பக்கம் மச்சானுக்கு இளநீர் ஏவாரம். லோடு போன பட்டியல் ஒண்ணு, பணம் வந்த பட்டியல் ஒண்ணு. ஊர்ப்பேரை வெச்சு ஒப்பிட ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். உடுமலை சேர்ந்துச்சு, ஆனைமலை சேர்ந்துச்சு. பொள்ளாச்சி மட்டும் ஒண்ணுகூடச் சேரலை. "பொள்ளாச்சிப் பணமே வரலைங்குதே மாப்ளே"ன்னு அவருக்கு வேர்த்துப் போச்சு. திரையில பார்த்தா ரெண்டு பக்கமும் அதே பொள்ளாச்சிதான். நடுராத்திரி வரைக்கும் உக்காந்தேன். கடைசியா நீளத்தை எண்ணிப் பார்த்தா, ஒண்ணு 10, இன்னொண்ணு 11!

நமக்குப் பொள்ளாச்சி அஞ்சு எழுத்துங்க. கம்ப்யூட்டருக்கு 'பொ' ஒரு எழுத்தில்லை. 'ப' தனி, ஒகரக் குறி தனி. 'ள்'ளுல இருக்கற புள்ளியும் தனி. அந்த ஒகரக் குறியை ஒருங்குறியில, அதாவது கம்ப்யூட்டர் எழுத்துக்கு எண் கொடுக்கற யூனிகோடு முறையில, ஒரே குறியாவும் வெக்கலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால்னு ரெண்டாவும் வெக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பழைய எழுத்துருவுல இருந்து மாத்தின பட்டியல்ல அது ரெண்டாப் பிரிஞ்சு கிடந்துச்சு. ஒப்பிடறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வரணும். நார்மலைஸ்னு சொல்லுவாங்க. ஒரே வரி வேலைங்க, ஒரு ராத்திரி போச்சு!

இன்னொண்ணு கேளுங்க. ஒரு சொல்லைக் கலைச்சுப் போட்டா இன்னொரு சொல் வருமான்னும் கேப்பாங்க. ஒவ்வொரு எழுத்தும் எத்தனை தடவை வருதுன்னு எண்ணினாப் போதும், வரிசைப்படுத்தக்கூட வேண்டாம். ஆனா தமிழ்ல 'பாதி', 'பிதா' ரெண்டையும் அப்படி எண்ணிப் பாருங்க. ப, த, துணைக்கால், இகரக் குறி. நாலும் அப்படியே ஒத்துப்போகும். கம்ப்யூட்டர் ஆமாம்னுரும். குறுக்கெழுத்துப் போடற நம்ம பாட்டி ஒத்துக்குவாங்களா? பா வேற, பி வேற. அதனாலதான் திரும்பத் திரும்பச் சொல்றேன், எதை எழுத்துன்னு எண்றோம்னு முதல்ல கேளுங்க.

நேரமாச்சுன்னு ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டறாங்க. ரெண்டு சொல்லுக்குள்ள, முந்தின எழுத்தை அழிச்சிருன்னு சொல்ற குறி அங்கங்க வரும்; அழிச்சதுக்கு அப்புறம் ரெண்டும் ஒண்ணான்னு பார்க்கற கணக்கு பாக்கி இருக்குது. சுருக்கமாச் சொல்லிர்றேன். ரெண்டையும் கடைசியில இருந்து படிச்சுட்டு வாங்க. அழிக்கற குறி வந்தா எண்ணி வெச்சுக்கிட்டு, அத்தனை எழுத்தைத் தாண்டுங்க. அழியாம நிக்கற எழுத்தை மட்டும் ஒப்பிடுங்க. மெமரியில தனியா இடம் பிடிக்காது, ஒரே நடையில முடிஞ்சிரும். வர்றேனுங்க.