“நடந்ததைச் சொல்” என்று உடனே கேட்காதீர்கள்: மன அதிர்ச்சிக்கான சிகிச்சையில் முனைவராவது எப்படி?

(திரையில்: குளச்சல் கடற்கரை, மாலை நேரம். அலை ஓசை மட்டும்.)

வணக்கம். ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். பேரிடரில் உயிர் தப்பிய ஒருவரிடம் அன்று இரவே போய் அமர்ந்து, “நடந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிவிடுங்கள், நெஞ்சில் இருக்கும் பாரம் இறங்கிவிடும்” என்று கேட்பது நல்லதா, கெட்டதா? வீடியோவை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, உங்கள் பதிலைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். பிறகு மாற்றி எழுதக் கூடாது, நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இந்தக் கேள்வி புதிதன்று. 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் கடல் ஊருக்குள் புகுந்தது. கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைத்திருந்த பாலத்தையே பெயர்த்துக்கொண்டு போனது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களில் பலர் திரும்பவே இல்லை. இப்படிப்பட்ட நேரங்களில் நல்ல மனத்தோடு ஓடி வருபவர்கள் முதலில் கேட்பது இதே கேள்வியைத்தான்.

பதில் இதோ. பிரிட்டனில் தீக்காயம் அடைந்தவர்களை வைத்து நடந்து, 1997இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு பகுதியினரிடம் நடந்ததை விரிவாகச் சொல்லவைக்கும் ஒரு முறை அமர்வு நடத்தினார்கள். மற்றவர்களை அப்படியே விட்டுவிட்டார்கள். 13 மாதங்களுக்குப் பிறகு பார்த்தபோது, பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதத்தினருக்குப் பி.டி.எஸ்.டி. எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தது. பேசவைக்கப்படாதவர்களிடம் அது 9 சதவீதம். பேசவைக்கப்பட்ட குழுவின் காயங்கள் தொடக்கத்திலேயே சற்றுக் கடுமையாக இருந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆகவே வேறுபாடு முழுவதையும் அமர்வின் தலையில் சுமத்த முடியாது. ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பிறகும் அந்த அமர்வால் நன்மை இருப்பதாகத் தெரியவில்லை. அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு பார், கேள், இணை என்ற மூன்று சொற்களோடு நிறுத்திக்கொள்கிறது. அதில் “கேள்” என்பது காது கொடுத்துக் கேட்பது; கேள்வி கேட்பது அன்று.

எப்போது கேட்க வேண்டும், எப்போது கேட்கக் கூடாது, கேட்டால் எப்படிக் கேட்க வேண்டும் என்பதைக் கற்கத்தான் மருத்துவ உளவியலில் முனைவர் அளவுக்குப் பயிற்சி தேவைப்படுகிறது. இன்றைய பேச்சு அதைப் பற்றியதே.

வரலாற்றை வேகமாக முடித்துவிடுகிறேன். 1896இல் லைட்னர் விட்மர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதல் உளவியல் கிளினிக்கைத் தொடங்கினார். 1949இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் கூடிய மாநாடு, மருத்துவ உளவியலாளர் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் ஒருசேரப் பயிற்சி பெற வேண்டும் என்று முடிவு செய்தது. 1980இல் பி.டி.எஸ்.டி. என்ற பெயர் அமெரிக்க மனநோய்க் கையேட்டில் ஏறியது. வரலாறு முடிந்தது.

அடுத்து, நம் பிள்ளைகள் அதிகம் ஏமாறும் இடம். இந்தியாவில் உளவியலில் பிஎச்.டி. முடித்துப் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்வதால் மட்டும் ஒருவர் மருத்துவ உளவியலாளர் ஆகிவிடுவதில்லை. நோயாளிகளைப் பார்க்க, ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்ற படிப்பும் அதன் பதிவேட்டில் பெயரும் வேண்டும். இரண்டு ஆண்டு எம்.ஃபில். நெடுங்காலமாக அதற்கான வழியாக இருந்தது. மற்ற துறைகளில் எம்.ஃபில். ஒழிக்கப்பட்ட பிறகும், மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கை நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு இடம் கொடுத்தது. நான்கு ஆண்டு சை.டி. (Psy.D.) என்பது சிகிச்சையையே மையமாகக் கொண்ட முனைவர் படிப்பு. பிஎச்.டி. என்பது ஆய்வு, பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் அந்த ஆய்வும் மருத்துவமனைக்கு உள்ளேயே நடக்கிறது. சேர்வதற்கு முன்னால், அந்தக் கல்லூரியின் பெயர் மன்றத்தின் பட்டியலில் இந்த ஆண்டு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் கல்லூரியின் விளம்பரத் தாளை நம்பிச் சேர்ந்து, இரண்டு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டி முடித்த பிறகு உண்மையைத் தெரிந்துகொண்டார்.

(திரையில்: வர்மப் புள்ளிகள் குறித்த ஓலைச்சுவடியின் படம்.)

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்தப் பயிற்சியை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கடினம்; நம் மாவட்டத்தில் மிக எளிது. நம்மிடம் வர்ம ஆசான்கள், அதாவது உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளை அறிந்து அடிக்கவும் குணப்படுத்தவும் கற்றவர்கள், இருக்கிறார்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று கணக்குச் சொல்வார்கள். ஆனால் ஆசான் சீடனுக்கு முதல் நாளே புள்ளிகளைக் காட்டிக் கொடுப்பதில்லை. அவன் கோபக்காரனா, பொறுமைசாலியா, அடுத்தவர் உடம்பில் கை வைக்கத் தகுந்தவனா என்று ஆண்டுக்கணக்கில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அடிபட்டவரை மீட்கும் இளக்குமுறை தெரியாதவனுக்கு அடி சொல்லிக்கொடுக்க மாட்டார். மன அதிர்ச்சிக்கான சிகிச்சைப் பயிற்சியும் அப்படியே நடக்கிறது. துன்ப நினைவைத் திறக்கும் வழியைக் கற்பதற்கு முன்னால், திறந்ததை அந்த அமர்வு முடிவதற்குள் பத்திரமாக மூடி, வந்தவரை அவர் காலிலேயே வீட்டுக்கு அனுப்பும் வழியைக் கற்க வேண்டும். மேற்பார்வையாளர் பயிற்சி மாணவரின் அமர்வுகளை ஒலிப்பதிவில் கேட்டு, “இந்த இடத்தில் அவர் மௌனமானார், நீ ஏன் பொறுக்காமல் பேசினாய்?” என்று நிறுத்தி நிறுத்திக் கேட்பார். ஒரே வேறுபாடு, ஆசானிடம் விண்ணப்பப் படிவம் கிடையாது.

அஞ்சி ஒதுக்கும் நினைவையும் இடத்தையும் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் நீடித்த வெளிப்பாட்டுச் சிகிச்சை என்ற முறையை உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கினார். அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். கற்பனையாக ஒருவரை வைத்துக்கொள்வோம்: சுனாமிக்குப் பிறகு இத்தனை ஆண்டுகளாகக் கடற்கரைப் பக்கமே போகாத குளச்சல் பெண் ஒருவர். அமர்வு 90 நிமிடம்; மொத்தம் 8 முதல் 15 அமர்வுகள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, “தண்ணீர் வருகிறது, நான் பிள்ளையின் கையைப் பிடித்திருக்கிறேன்” என்று நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை சிகிச்சையாளர் குறுக்கிட்டு, 0 முதல் 100 வரையில் கலக்கம் எவ்வளவு என்று கேட்பார். 85 என்பார். மீண்டும் முதலிலிருந்து சொல்வார். அதன் ஒலிப்பதிவை வீட்டில் நாள்தோறும் கேட்க வேண்டும்.

இதனோடு ஒரு படிக்கட்டும் உண்டு. முதலில் குளச்சல் பேருந்தில் ஏறுவது. பிறகு ஜன்னல் வழியே கடலைப் பார்ப்பது. பிறகு அலையைத் தடுக்கக் கடலுக்குள் போட்டிருக்கும் தூண்டில் வளைவுக் கல்லருகே நிற்பது. கடைசியில் ஈர மணலில் கால் வைப்பது. பதற்றம் தானாகத் தணியும் வரை ஒவ்வொரு படியிலும் நிற்க வேண்டும். தொடக்கத்தில் நான் சொன்னதற்கு இது முரண் போலத் தோன்றும். அங்கே பேரிடரின் இரவு, முன்பின் தெரியாதவர், ஒரே ஓர் அமர்வு. இங்கே ஒரு மாதத்துக்கு மேல் அறிகுறிகள் நீடித்து, முறையாக மதிப்பிடப்பட்ட ஒருவர், அவருடைய முழுச் சம்மதம், வாரக்கணக்கில் கூடவே இருக்கும் சிகிச்சையாளர்.

இந்தப் படிக்கட்டில் நம் ஊருக்கே உரிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. கள்ளக்கடல், அதாவது திடீரென எழும் பேரலை, குறித்த எச்சரிக்கை உள்ள நாளில் அந்த அம்மாவை மணலில் நிறுத்தினால் அது சிகிச்சையாகாது. அன்று அவருக்கு வரும் பயம் சரியான பயம். தேவையான பயத்தையும் நோயான பயத்தையும் பிரித்தறியக் கற்பதற்கு, என் கருத்தில், ஓர் ஆண்டு மருத்துவமனைப் பணியாவது வேண்டும்.

ஒக்கியில் காணாமற்போனவர்களின் வீடுகள் வேறு வகை. அடக்கம் செய்ய உடல் இல்லை. கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்றக் கல்லறை இல்லை. அமெரிக்கக் குடும்பச் சிகிச்சையாளர் பாலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்று அழைத்தார். இதற்குப் பி.டி.எஸ்.டி. முத்திரை குத்தாமல் இருப்பதும் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

கடைசியாக மொழி. பி.டி.எஸ்.டி. இருக்கிறதா என்று மதிப்பிடும் கேப்ஸ்-5 என்ற நேர்காணலில் 30 கேள்விகள்; முடிக்க முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதில் திடுக்கிடுதல் பற்றிய கேள்வியை அச்சில் உள்ளபடியே கேட்டால் பலர் விழிக்கிறார்கள். கேரள எல்லையை ஒட்டிய நம் ஊர்களில் “ஞெட்டிப் போனேன்” என்றுதான் சொல்வார்கள். முனைவர் ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களே, இதோ ஒன்று சும்மா கிடக்கிறது: இந்தக் கேள்விகளை நம் கடற்கரைத் தமிழில் சோதித்துப் பாருங்கள். அடுத்த வீடியோவுக்கு எனக்கும் அந்தச் சொற்கள் வேண்டும். கதவு படீரென்று சாத்தினால் உடம்பு தூக்கிப் போடுவதை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள்? ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள்.